உன் முகத்தை ஒட்டிய சுவர்கள்

நேற்று மதியம் கூரியரில் ஓர் உறை வந்தது. பிரித்ததும் முதலில் எழுந்தது வாசனைதான். வழவழப்பான தாளில் புதிதாக அச்சடித்த மையின் வாசனை. அந்த வாசனைக்குள் கிடந்து பிழைத்தவள் நான், எனக்குப் பிடித்தமானதுதான். ஆனால் உள்ளே இருந்த கையேட்டின் அட்டையைப் பார்த்ததும் அந்தப் பிடித்தம் போய்விட்டது. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ஒரு சார்ட் பேப்பரைச் சுற்றி உட்கார்ந்து சிரிக்கிறார்கள். ஒவ்வொரு முகமும் தெளிவாகத் தெரிகிறது. ‘குற்றக் கும்பல்களிடமிருந்து மீண்ட இளையோர் தாங்களே வடிவமைத்த விழிப்புணர்வுக் கையேடு’ என்று கீழே போட்டிருக்கிறார்கள். வெளியீட்டு விழாவில் நான் வாழ்த்திப் பேச வேண்டுமாம். இந்தத் துறையில் நான் மூத்த ஓவியராம்.

கையேட்டை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினேன். பிறகு உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ போன பிறகு இத்தனை வருடத்தில் உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. எழுதாததற்குக் காரணம் வெட்கம். இன்றைக்கும் அது போகவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

உன்னை முதலில் பார்த்தது திருப்பரங்குன்றத்தில், ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. எங்கள் வீட்டுச் சாயப்பட்டறையை மூடிவிட்டு அண்ணன் அதே கொட்டகையில் ஸ்கிரீன் பிரிண்டிங் போட்டிருந்தான். நான் வேறோர் அச்சகத்தில் படம் வரைந்து, எழுத்து எழுதி, அச்சுக்குப் பக்கங்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் அச்சகத்துக்கு வாடிக்கையாக வந்த ஒரு தொண்டு நிறுவனத்தின் இயக்குநர், நாம் எல்லாரும் ‘சார்’ என்று மட்டும் கூப்பிட்டவர், என்னை அந்த மூன்று நாள் பயிற்சிப் பட்டறைக்கு அழைத்திருந்தார். கஞ்சா கடத்தவும் திருடவும் பிள்ளைகளைப் பயன்படுத்துகிறார்கள், அதைப் பற்றிப் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு கையேடும் சுவரொட்டியும் போட வேண்டும், அப்படி மாட்டிக்கொண்டு மீண்ட பிள்ளைகளையே உட்கார வைத்து அதை உருவாக்கப் போகிறோம் என்றார். ‘இந்த மாதிரி இதுவரை யாருமே செஞ்சதில்லம்மா’ என்று இரண்டு முறை சொன்னார்.

நீங்கள் ஆறு பேர் வந்திருந்தீர்கள். பலூன் ஊதி உடைக்கும் விளையாட்டில் நீ சேரவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாய். பதினேழு வயதுப் பெண். சமயநல்லூரில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்ப்பதாகச் சொன்னாய். தேநீரோடு வந்த வடையை யாரோ பிடுங்கிக்கொள்ளப் போவது போல இரண்டே வாயில் முடித்தாய்.

நான் வீட்டிலிருந்தே ஒரு மாதிரிப் படம் வரைந்து கொண்டுபோயிருந்தேன். முறுக்கு மீசை, சிவந்த கண், இடுப்பில் கத்தி. அதை விரித்ததும் நீதான் கேட்டாய்.

“யாருக்கா இது?”

“கடத்தல்காரன்.”

ஆறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். “இவன் கூப்புட்டா நாங்க போவமாக்கா? தெரு நாயே கொலச்சு வெரட்டிரும்” என்றாய்.

அதன் பிறகுதான் உன் கதையைச் சொன்னாய். ஏழாம் வகுப்பில் உன்னிடம் ஜாமெட்ரி பாக்ஸ் இல்லை. கணக்கு வாத்தியார் தினமும் வெளியே நிற்க வைத்தார். பஸ் நிறுத்தத்தில் பழக்கமான ஓர் அக்கா, தலை நிறையப் பூ வைத்தவள், அதைக் கேட்டு வருத்தப்பட்டு மறுநாளே ஒரு பாக்ஸ் வாங்கிக் கொடுத்தாள். உன் பிறந்தநாளை நினைவு வைத்திருந்தாள். இரண்டு மாதம் கழித்து, ‘இந்தப் பைய ஆரப்பாளையத்துல ஒரு அண்ணங்கிட்டக் குடுத்துரு கண்ணு’ என்றாள். பள்ளிக்கூடச் சீருடை போட்ட பிள்ளையின் பையை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். நான்காவது முறைதான் பைக்குள் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரிந்தது. ‘இனிமே மாட்டேன்க்கா’ என்றதும் அவள் சிரித்துக்கொண்டே, ‘இதுவரைக்கும் கொண்டுபோனத ஒங்கம்மாகிட்டச் சொல்லவா, போலீஸ்கிட்டச் சொல்லவா?’ என்று கேட்டாளாம். பதினான்கு வயதில் பஸ்ஸில் பிடிபட்டாய். அவள் பிடிபடவில்லை. உன்னை ஒரு வருடம் சீர்திருத்த இல்லத்தில் வைத்தார்கள்.

“மொகத்த அழகாப் போடுங்கக்கா. பாத்தாலே ஓடிப்போயி ஒட்டிக்கிறணும்னு தோணணும். அப்பத்தான் அது நெசம்” என்றாய்.

அந்த மூன்று நாளில் நீங்கள் உருவாக்கியதைப் போல ஒன்றை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. நான்கே படங்கள். பூ வைத்த அக்கா பரிசு கொடுக்கிறாள். அதே அக்கா பையைக் கொடுக்கிறாள். அதே சிரிப்போடு மிரட்டுகிறாள். நான்காவதில் ஆளே இல்லை, வெறும் எழுத்து. ‘என்னிடம் சொன்னால் அடிக்க மாட்டேன். உன் பேரை வெளியே சொல்ல மாட்டேன். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகவேண்டி வந்தால் நானும் கூட வருவேன்.’ அதற்குக் கீழே ஒரு கோடு. ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் யாராவது ஓர் ஆசிரியர் அந்தக் கோட்டில் தன் பேரை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது உன் யோசனை.

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “எந்த வாத்தியாரும்மா கையெழுத்துப் போடுவாரு?”

“பேரு இல்லாட்டி அந்தப் பிள்ள யாருகிட்டப் போயி சொல்லும் சார்? செவுத்துக்கிட்டயா?”

‘அருமை, அருமை’ என்று கைதட்டினார். நாங்களும் தட்டினோம். கடைசி நாள் ஆல்பத்துக்கு என்று சொல்லி எல்லாரையும் தனித்தனியாகப் படம் எடுத்தார்கள். நீ ஜன்னலோரம் நின்று கேமராவை நேராகப் பார்த்தாய்.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

ஒரு மாதம் கழித்து சார் அச்சகத்துக்கு வந்தார். மேலே இருக்கிறவர்கள் திருத்திவிட்டார்கள் என்றார். பூ வைத்த அக்கா பிள்ளைகளைக் குழப்புவாளாம், மீசைக்காரனே இருக்கட்டும். கையெழுத்துக் கோடு நடைமுறைக்கு ஒத்துவராது. அதற்குப் பதில், ‘தீயவரோடு சேராதே, பெற்றோர் சொல்லை மீறாதே’ என்று பெரிய எழுத்தில் வர வேண்டும். சுவரொட்டிக்கு ஒரு முகம் வேண்டும். உங்கள் ஆறு பேரின் போட்டோவையும் மேசையில் பரப்பி, ‘நீயே எடும்மா’ என்றார்.

நான் உன்னை எடுத்தேன். வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது, கண் நேராகப் பார்த்தது, அதனால் எடுத்தேன். ‘அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா சார்?’ என்று கேட்டேன். ‘கையெழுத்து வாங்கியாச்சும்மா’ என்றார். நீங்கள் கையெழுத்துப் போட்டது வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் என்று எனக்குத் தெரியும். பக்கத்திலேயே இருந்து பார்த்தவள் நான். தெரிந்தும் பேசவில்லை. படத்தை வெட்டி ஒட்டினேன். அவர் சொன்ன வாசகத்தை என் கையாலேயே எழுதினேன்: ‘நானும் கஞ்சா கடத்தினேன்.’ எழுத்து அழகாக வந்திருக்கிறது என்று அச்சகத்தில் எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் என் விரல்களைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

சுவரொட்டி வந்த மூன்றாவது வாரம் நீ அச்சகத்துக்கு வந்தாய். வாசலிலேயே நின்றாய். கையில் சுவரிலிருந்து உரித்த சுவரொட்டி, ஓரமெல்லாம் சுண்ணாம்பு ஒட்டிக் கிழிந்திருந்தது. அதை என் மேசையில் விரித்தாய்.

“இத எழுதுனது நீங்கதானக்கா?”

நான் தாளின் ஓரத்தில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டினேன்.

“நீங்கதான் ‘ஞ’வுக்கு வால இப்புடிச் சுழிப்பீக. மண்டபத்துல பாத்துருக்கேன்.”

“மன்னிச்சிரு” என்றேன். அது உன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாய். பஸ் நிறுத்தத்தில் ஒட்டியிருக்கிறார்கள். பூத்துக்காரர் நாளையிலிருந்து வரவேண்டாம் என்றுவிட்டார். உன் அம்மா முடியைப் பிடித்து அடித்துவிட்டு, அடித்த கையோடு உன்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பயல்கள், ‘என்னா, பொட்டலம் இருக்கா?’ என்று பின்னாலேயே வருகிறார்கள். சொல்லும்போது உன் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கடைசியாகச் சொன்னதில்தான் உடைந்தது.

“அவ வந்தாக்கா. பூ வச்சவ. ஒரு சீப்புப் பழத்தோட வீட்டுக்கே வந்து, எந்தலையத் தடவிக் குடுத்துக்கிட்டே சொல்றா, ‘பாத்தியா கண்ணு, அந்தப் படிச்சவுக ஒன்னைய என்ன பண்ணிட்டாகன்னு. நான் ஒரு நாளாச்சும் ஒன்னைய இப்புடி ஊர்ச் செவுத்துல ஒட்டிருப்பேனா?’ங்குறா.”

சுவரொட்டியை நான்காக மடித்தாய்.

“அவ சொன்னதுல பொய்யே இல்லக்கா. அதான் எனக்குக் கொமட்டிக்கிட்டு வந்துருச்சு.”

அன்றைக்கு மதியமே நான் சாரைப் பார்க்கப் போனேன். நீ வரமாட்டேன் என்று தெரு முனையில் நின்றுகொண்டாய். அவர் இலையில் வடையும் சட்னியும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். “மனசுல பதியணும்னா ஒரு முகம் வேணும்மா. ரெண்டு மாசத்துல ஜனங்க மறந்துருவாங்க. வேணும்னா அடுத்த பதிப்புல கண்ணுக்குக் கறுப்புக் கட்டம் போட்டுறலாம்” என்றார். சொல்லிக்கொண்டே பக்கத்தில் கிடந்த தாளை இழுத்து விரலில் இருந்த எண்ணெயைத் துடைத்தார். அது உன் சுவரொட்டியின் சோதனை அச்சு. உன் கன்னத்தில் எண்ணெய் பரவி, தாளின் பின்பக்கம் வரை தெரிந்தது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அவருக்கு அது தாள், அவ்வளவுதான். வேண்டுமென்று செய்திருந்தால்கூட என்னால் தாங்கியிருக்க முடியும்.

வெளியே வந்து உன்னிடம், “அவர் எடுக்க மாட்டார்” என்றேன்.

“அப்ப நம்ம எடுப்போம்” என்றாய்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் கொட்டகைக்கு உன்னை அழைத்துப் போனேன். கல்யாணப் பத்திரிகைகள் காய்ந்துகொண்டிருந்த கயிறுகளுக்குக் கீழே நானும் அண்ணனும் எங்கள் வீட்டில் பேசும் சௌராஷ்டிர பாஷையில் சண்டை போட்டோம். வம்பில் மாட்டிவிடுகிறாய் என்று அவன் கத்தினான். நீ வாய் பார்த்துக்கொண்டு நின்றாய். “ஒண்ணும் வெளங்கலக்கா. ஆனா திட்டுறது மட்டும் எந்தப் பாசையிலயும் வெளங்கிருது” என்றாய். அண்ணன் சிரித்துவிட்டான். சிரித்த பிறகு அவனால் மறுக்க முடியவில்லை. நான்கு படத்தையும் ஒரே தாளில் வருகிற மாதிரி வரைந்தேன். பூ வைத்த அக்காவின் முகத்தை நீ மூன்று முறை அழிக்கச் சொன்னாய். ‘இன்னும் பாசமாச் சிரிக்கணும்’ என்றாய். நான்காவது முறை வரைந்து முடித்ததும் உனக்கு முகம் வெளிறிவிட்டது. ‘இதான்’ என்று மட்டும் சொன்னாய்.

அண்ணன் அச்சடித்துக் கொடுத்த தாள்களோடு, மைதா பசை காய்ச்சி வாளியில் எடுத்துக்கொண்டு என் டி.வி.எஸ். வண்டியில் போனோம். சமயநல்லூரில் தொடங்கினோம். உன் முகம் ஒட்டியிருந்த ஒவ்வொரு சுவரிலும் அதன் மேலேயே நம் தாளை ஒட்டினோம். உன் கண்ணின் மேல் பசையைத் தடவும்போது நான் தயங்கினேன். நீ பிரஷ்ஷை வாங்கிப் பரபரவென்று தேய்த்தாய். பட்டப்பகலில் ஊரே பார்க்க ஒட்டினோம். ஒரு டீக்கடைக்காரர், ‘யாரு தாயி நீங்க, எந்தக் கட்சி?’ என்று கேட்டார்.

சுவரில் ஒட்டுவது எளிதாக இருந்தது. கோட்டில் கையெழுத்து வாங்குவதற்குத்தான் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏற வேண்டியிருந்தது. ஒரு தலைமையாசிரியர் தாளைத் தொடக்கூட இல்லை. “எங்க ஸ்கூல்ல அந்த மாதிரிப் பிள்ளைக கெடையாதும்மா” என்றார். இன்னொருவர், “அடிக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டா அப்புறம் எவன் பயப்படுவான்?” என்று கேட்டார். ஒருவர் உன்னையே உற்றுப் பார்த்துவிட்டு, “நீ அந்தப் போஸ்டர்ல இருக்க பொண்ணுதான?” என்று கேட்டு, பியூனைக் கூப்பிட்டு நம்மை வெளியே அனுப்பினார். கேட் வரைக்கும் நீ தலையைக் குனியாமல் நடந்தாய். வண்டியில் ஏறிய பிறகு உன் நெற்றி என் முதுகில் வந்து படிந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில்தான் அந்த டீச்சர் இருந்தார். கணக்கு டீச்சர். தாளை இரண்டு முறை படித்தார்.

“இத யாரு எழுதுனது?”

“நாங்க ஆறு பேரு, டீச்சர்” என்றாய்.

“போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட வருவேன்னு போட்டுருக்கே, நெசமாவே போகணுமா?”

“ஆமா டீச்சர். போக மாட்டீகன்னா போடாதீக.”

அவர் உடனே போடவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். பிறகு திறந்து, தன் பேரை முழுசாக, முதலெழுத்தோடு எழுதினார். அத்தனை பள்ளிக்கூடத்திலும் சேர்த்து நமக்குக் கிடைத்தது மூன்று கையெழுத்து.

அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கை பிறகு எங்கள் அச்சகத்துக்கே வந்தது. மீசைக்காரன் போட்ட அந்தக் கையேடு ‘இளையோரின் முழுப் பங்கேற்புடன்’ உருவானது என்று அதில் இருந்தது. பிழை திருத்துவது என் வேலை. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. அந்த வாரமே வேலையை விட்டேன். வீரம் ஒன்றும் இல்லை. அந்த மேசையில் உட்கார்ந்து என்னால் சோறு தின்ன முடியவில்லை.

ஒரு வருடம் போயிருக்கும். நீ ஒரு தையல் கூடத்தில் சேர்ந்திருந்தாய். ஒருநாள் அந்தக் கணக்கு டீச்சர் அண்ணனின் கடைக்குப் போன் செய்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மதிய இடைவேளையில் அவரிடம் வந்து அழுதிருக்கிறாள். அவளிடம் பையைக் கொடுத்தது ‘அண்ணன்’ என்று பழகிய ஒருவன். புதுச் செருப்பு வாங்கித் தந்தவன். டீச்சர் அடிக்கவில்லை. வகுப்பில் யாருக்கும் தெரியாமல் அவளையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். அந்த ஆளைப் பிடித்துவிட்டார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு தையல் கூடத்துக்கு ஓடிவந்தேன். நீ மிஷினை மிதித்துக்கொண்டே கேட்டாய். நான் மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும் காலை நிறுத்தினாய். சந்தோஷப்படுவாய் என்று எதிர்பார்த்தேன்.

“அந்தப் பிள்ள மறுநா பள்ளிக்கூடம் வந்துச்சாக்கா?”

எனக்குத் தெரியவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை.

“கேட்டுட்டு வாங்க” என்றாய்.

தெருமுனை பூத்திலிருந்து போன் போட்டேன். வந்தாளாம். எப்போதும் உட்கார்கிற பெஞ்சில், எப்போதும் உட்கார்கிற தோழியின் பக்கத்திலேயே உட்கார்ந்தாளாம். யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம். திரும்பி வந்து சொன்னேன். நீ தலையை ஆட்டினாய். ஊசியில் நூலைக் கோத்தாய். உன் கண் நிறைந்திருந்ததால் நூல் இரண்டு முறை தவறியது.

நான்கு வருடம் கழித்துக் காய்ச்சல் என்று படுத்தாய். ஐந்தாம் நாள் இல்லை. இருபத்திரண்டு வயது. நான் வந்து சேர்ந்தபோது உன் அம்மா சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். அந்த நிறுவனத்திலிருந்து ஓர் ஆள் மாலையோடு வந்திருந்தான். மாலையை வைத்துவிட்டு, இரங்கல் செய்தி போட வேண்டும், நல்ல போட்டோ ஒன்று இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டான். உன் அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“எம்பிள்ள மொகம் செவுத்துல கெடந்தது பத்தாதாடா ஒங்களுக்கு? இருந்த போட்டோவ எல்லாம் அன்னைக்கே அடுப்புல போட்டுட்டேன். போயிரு.”

மாலையை எடுத்து அவன் மேலேயே எறிந்தாள். நானும் அந்த ஆளோடு சேர்ந்து எழுந்து போக வேண்டியவள்தான் என்று அந்த நிமிடம் எனக்குத் தோன்றியது. அந்தச் சுவரொட்டியை எழுதியவள் நான் என்று உன் அம்மாவுக்குத் தெரியாது. நீ சொல்லவே இல்லை போலிருக்கிறது. அவள் என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

நீ என்னை மன்னித்தாயா என்று நான் ஒருபோதும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அது அப்படியே இருக்கட்டும். உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது தையல் கூடத்தில் நீ கேட்ட அந்தக் கேள்வி ஒன்றைத்தான். பிள்ளைகளைக் காப்பாற்றினோம் என்று படம் கேட்டு, எழுத்துக் கேட்டு இன்றும் வருகிறார்கள். எத்தனை பேரை மீட்டோம், எத்தனை கூட்டம் போட்டோம் என்று சொல்கிறார்கள். சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டு, ‘அந்தப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கூடம் வந்ததா?’ என்று கேட்கிறேன். நேற்று உறை அனுப்பியவர்களிடமும் அதையே கேட்பேன். பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை. கேட்டுவிட்டு வாருங்கள், பிறகு வரைகிறேன் என்று சொல்லிப் பேனாவை மூடி வைத்துவிடுகிறேன்.